கரிநெருப்பருகே இராயப்பர்

இரத்தினபுரிப் பேராலயம் புனித இராயப்பர், புனித சின்னப்பர் ஆகிய இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆந் திகதி, காலி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து இரத்தினபுரி மறைமாவட்டம் உருவானது. அன்று முதல் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் வாழும் நாம் எல்லோரும் அந்த இரு அப்போஸ்தலர்களின் நிழலில் ஒரே குடும்பமாக இருக்கிறோம். இன்றைய வேதாகமத்தில் பேதுரு, பவுல் என்று வாசிக்கிறோம். நம் பாட்டன் பாட்டிமார் இராயப்பர், சின்னப்பர் என்றே அழைத்தார்கள். அந்தப் பழைய பெயர்களையே இங்கும் வைத்துக்கொள்வோம்.

இராயப்பரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கையில் திறவுகோல்கள் இருக்கும். பழைய படங்கள் சிலவற்றில் அவருக்கருகே ஒரு சேவலும் நிற்கும். திறவுகோல் எதற்கென்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். சேவல் எதற்கு? அது அவருடைய வெட்கத்தின் அடையாளம். எந்தக் குடும்பமாவது தன் தலைவர் தலைகுனிந்த நாளைப் படமாக எழுதி முன்சுவரில் மாட்டி வைக்குமா? திருச்சபை மாட்டி வைத்திருக்கிறது. நான்கு சுவிசேஷகரும் அந்த இரவை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அவர்களுள் மாற்கு, இராயப்பர் போதித்தவற்றைக் கேட்டே தம் சுவிசேஷத்தை எழுதினார் என்பது மிகப் பழைய மரபு. அப்படியானால், தம் வீழ்ச்சியை ஊரறியச் சொன்னவர் அவரேதான். அவரை நியாயந்தீர்க்கும் இடத்தில் அல்ல, அவர் பக்கத்தில் நின்று அந்தக் கதையைக் கேட்போம்.

கலிலேயா ஏரிக்கரையில் உள்ள பெத்சாயிதா அவருடைய ஊர். பெயர் சீமோன், தந்தை யோனா, உடன்பிறந்தவர் பெலவேந்திரர். ஏரி ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் உடையது. இரவெல்லாம் வலை வீசி, விடியும்போது கரைசேர்ந்து, வலை அலசி உலர்த்துவது அவர்கள் தொழில். இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போகும் நம் றப்பர்த் தோட்டத்து மக்களுக்கு அந்தக் களைப்பை விளக்க வேண்டியதில்லை. மழை பிடித்துக்கொண்டால் நமக்குப் பால் வெட்டு இல்லை. மீன் படாவிட்டால் அவர்களுக்கு அன்றைய வருமானம் இல்லை. கப்பர்நாகூமில் அவருக்கு வீடு இருந்தது; மனைவி இருந்தார்; மாமியாரும் அந்த வீட்டிலேயே இருந்தார். மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது ஆண்டவர் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார் என்று வாசிக்கிறோம். ஆக, இராயப்பர் நம்மைப் போல் குடும்பக்காரர்.

ஒருநாள் இரவு முழுவதும் ஒரு மீனும் அகப்படவில்லை. காலையில் ஆண்டவர் அவருடைய படகில் ஏறிப் போதித்துவிட்டு, ஆழத்துக்குப் போய் வலையைப் போடச் சொன்னார். மனமில்லாமல்தான் போட்டார். வலை கிழியும் அளவுக்கு மீன்கள். அப்போது சீமோன் அவருடைய காலில் விழுந்து, தாம் பாவி என்றும், தம்மை விட்டு அகன்று போகும்படியும் வேண்டினார். ஆண்டவரோ அகலவில்லை, மனிதரைப் பிடிக்கிறவராக்குவேன் என்று அழைத்துக்கொண்டார்.

அன்பரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளிலேயே தாம் பாவி என்று இராயப்பர் அறிந்திருந்தார். ஆனால் எந்தப் பாவம் தம்முடையது என்பதை அறிந்திருக்கவில்லை. பொதுவாகப் பாவி என்று சொல்லிக்கொள்வது எளிது. ஒவ்வொரு பூசையிலும் மார்பில் தட்டிக்கொண்டு நாமும் சொல்லத்தான் செய்கிறோம். நம் பாவத்தை அதன் பெயர் சொல்லி அறிவதுதான் கடினம். இராயப்பரின் பாவத்துக்குப் பெயர் மனிதர் முகத்துக்கு அஞ்சுதல். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அதை அவர் கண்டுகொள்ள மூன்று ஆண்டுகளும் ஓர் இரவும் பிடித்தன.

அதற்கிடையில் பெருமைகளுக்குக் குறைவில்லை. பிலிப்பு செசரியா நாட்டுப்புறத்தில், தம்மை யாரென்று எண்ணுகிறீர்கள் என்று ஆண்டவர் கேட்டபோது, எல்லோருக்கும் முந்தி அவரே மெசியா, உயிருள்ள கடவுளின் மகன் என்று அறிக்கையிட்டவர் இவர். பாறை என்னும் பொருளுள்ள பெயரும், விண்ணரசின் திறவுகோல்களும் அன்றுதான் அவருக்கு வாக்களிக்கப்பட்டன. ஆனால் அதே இடத்தில், தாம் மூப்பர்களாலும் தலைமைக் குருக்களாலும் பாடுபட்டுக் கொலையுண்ண வேண்டும் என்று ஆண்டவர் சொல்லத் தொடங்கியதும், அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டார் இராயப்பர். பெரியவர்கள் தள்ளிவைக்கும் ஒரு தலைவரை அவரால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. சற்றுமுன் பாறை எனப்பட்டவர் இப்போது சாத்தான் என்று கண்டிக்கப்பட்டார்.

கடைசி இராப்போசனத்தில், மற்ற எல்லோரும் இடறி விழுந்தாலும் தாம் விழப்போவதில்லை என்று உறுதி சொன்னார். பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். ஆனால் மற்றவர்களோடு தம்மை ஒப்பிட்டுச் சொன்னார். சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலிப்பாய் என்று ஆண்டவர் முன்னறிவித்ததை அவர் நம்பவில்லை.

அன்றிரவு ஒலிவத் தோட்டத்தில் வாளும் தடியுமாக ஒரு கூட்டம் வந்தது. இராயப்பர் பின்வாங்கினாரா? இல்லை. வாளை உருவித் தலைமைக் குருவின் ஊழியன் மால்குஸ் என்பவனின் காதை வெட்டினார். ஆயுதக் கூட்டத்துக்கு அஞ்சாத மனிதர் அவர். மற்றவர்கள் ஓடியபோதும், தூரத்திலாவது ஆண்டவரைப் பின்தொடர்ந்து தலைமைக் குருவின் முற்றம்வரை போனார். இதையும் அவர் கணக்கில் எழுத வேண்டும். பின்தொடராதவர்களுக்கு அந்த முற்றத்தில் விழும் ஆபத்தே வரவில்லை.

குளிரான இரவு. ஊழியரும் காவலரும் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். இராயப்பரும் அவர்களோடு போய் நின்றார். ஒரு வேலைக்காரப் பெண் அவரை உற்றுப் பார்த்து, இவரும் அந்த நாசரேத்தூரானோடு இருந்தவர்தானே என்றாள். வாள் இல்லை, விலங்கு இல்லை, ஒரு வேலைக்காரியின் பார்வை மட்டுமே. அவள் சொல்வது தமக்கு விளங்கவில்லை என்று சொல்லி வாசற்பக்கம் நகர்ந்தார். மீண்டும் கேட்டார்கள், மீண்டும் மறுத்தார். சிறிது நேரத்தில் அங்கு நின்றவர்கள், அவருடைய பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கிறதென்றும், அவர் கலிலேயன்தான் என்றும் சொன்னார்கள். யெருசலேம் பட்டணத்தார் கலிலேயரின் நாட்டுப்புறப் பேச்சைக் கேலி செய்வது வழக்கம். அப்போது அவர் சபித்து ஆணையிட்டு, அந்த மனிதரைத் தமக்குத் தெரியவே தெரியாது என்றார்.

பேச்சு ஒருவரைக் காட்டிக்கொடுத்தது என்ற இந்த இடத்தை, சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் வாசகர் சும்மா தாண்டிப் போக முடியாது. 1977 ஓகஸ்டிலும், 1981 ஓகஸ்டிலும், 1983 யூலையிலும் வாய்திறந்தால் இன்னார் என்று தெரிந்துவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். லயங்கள் எரிந்தன, பலர் குழந்தைகளோடு காட்டில் இரவைக் கழித்தார்கள், பலர் எல்லாவற்றையும் விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அந்த நாட்களில் பொட்டை அழித்துக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்றிய தாயை இராயப்பரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்ட எவருக்கும் உரிமையில்லை. கத்தி முனையில் கேட்கப்படும் கேள்வி வேறு. தம் உயிரையும் பாராமல் அண்டை வீட்டுத் தமிழரை ஒளித்து வைத்த சிங்களச் சகோதரர்களும் அன்று இருந்தார்கள். தெரியும், இவர்கள் எங்கள் ஆட்கள் என்று சொன்னவர்கள் அவர்கள். அவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும்.

நான் கேட்பது அமைதியான நாட்களைப் பற்றி. கத்தி இல்லாதபோது, வெறும் பார்வைக்கு அஞ்சி நாம் சொல்லும் தெரியாது என்ற சொல்லைப் பற்றி.

கொழும்புக் கடையில் வேலை செய்யும் நம் பிள்ளையிடம் சொந்த ஊர் எது என்று யாரோ கேட்கிறார்கள். தோட்டம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பக்கத்து ரவுணின் பெயரைச் சொல்கிறான். தாய் கொழுந்துக்கூடையோடு நிற்கும் படத்தை நண்பர்களுக்குக் காட்டுவதில்லை. அவனை வளர்த்த கைகளில் கொழுந்துக் கறையும் பால் கறையும் இருந்தன என்பது அவனுக்கு மறக்கவில்லை; பிறர் அறியக்கூடாது என்பதுதான் அவன் பயம்.

தோட்டத்தில் ஒருவன்மேல் வீண்பழி விழுகிறது. பிரட்டுக்களத்தில் நடந்ததை இருபது பேர் கண்டார்கள். விசாரணை வருகிறது. சாட்சிக்கு அழைத்தால், அந்நேரம் நான் அங்கே இல்லை என்கிறான் ஒருவன். நான் கவனிக்கவில்லை என்கிறான் மற்றவன். யாரும் அவர்களை மிரட்டவில்லை. நாளைக்கு அரைப்பேர் போட்டுவிடுவார்களோ, நல்ல மலை கிடைக்காமற் போய்விடுமோ என்ற எண்ணம் போதுமாயிருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தனியே நிற்கிறான். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கோஷம் போட்டபோது இதே மனிதர்கள் முன்வரிசையில் நின்றவர்கள்தான். ஒலிவத் தோட்டத்தில் வாளெடுப்பதும் முற்றத்தில் தனியே நின்று உண்மை சொல்வதும் ஒன்றல்ல என்பதை இராயப்பரிடம் கற்றுக்கொள்கிறோம்.

இதை எழுதுகிறவனும் விலக்கல்ல. பங்களாவில் ஒரு குரலிலும் லயத்தில் ஒரு குரலிலும் பேசும் சோதனை குருவானவருக்கும் உண்டு. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்த நாட்கள் எனக்கும் உண்டு.

சேவல் கூவியது. அந்நேரம் ஆண்டவர் திரும்பி இராயப்பரைப் பார்த்தார் என்று லூக்காஸ் எழுதுகிறார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததென்று அவர் எழுதவில்லை. இராயப்பர் வெளியே போய் மனங்கசந்து அழுதார்.

அதே இரவில் விழுந்த மற்றவர் யூதாஸ். அவரும் மனம் வருந்தினார். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுக்கப் போனார். ஆனால் அவர் போனது தம்மை விலைக்கு வாங்கியவர்களிடம், அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். பிறகு அவர் தனியே போய் மடிந்தார். இராயப்பரோ ஞாயிறு காலை மதலேன் மரியாள் கல்லறையிலிருந்து ஓடிவந்து தேடியபோது, கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் இருந்தார். அன்புச் சீடரும் அவரோடிருந்தார். தம் வெட்கத்தை அறிந்தவர்களின் நடுவிலேயே அவர் தங்கியிருந்தார். அது எளிதல்ல. லயத்துச் சுவருக்கு இரகசியம் கிடையாது. ஒரு காம்பராவில் நடந்தது விடியுமுன் பத்துக் காம்பராவுக்கும் தெரியும். தவறு வெளிப்பட்ட மனிதன் வேறு தோட்டத்துக்குப் பேர் பதிந்துகொண்டு போய்விட நினைப்பதும், கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவதும் நாம் காண்பதுதான். இராயப்பர் போகவில்லை. ஆண்டவர் அவரைத் தேடி வந்தபோது அகப்பட்டார்.

அவர்கள் சந்தித்த இடம் பழைய ஏரிக்கரை. அன்றும் இரவெல்லாம் மீன் இல்லை. விடியும் நேரம் கரையில் நின்றவர் சொன்ன பக்கம் வலை போட்டதும் 153 பெரிய மீன்கள். கரையில் கரிநெருப்பு மூட்டியிருந்தது. அருளப்பர் தம் சுவிசேஷத்தில் இந்தக் கரிநெருப்பு என்னும் சொல்லை இரண்டே இடங்களில் எழுதுகிறார்: தலைமைக் குருவின் முற்றத்தில் ஒருமுறை, இங்கே ஒருமுறை. அதே நெருப்பின் முன், மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்விகள். மற்றவர்களைவிட அதிகமாக என்னை நேசிக்கிறாயா என்பதே முதற் கேள்வி. முன்பு எல்லோருக்கும் மேலாகத் தம்மை நிறுத்திய இராயப்பர் இம்முறை யாரோடும் ஒப்பிடவில்லை. தாம் நேசிப்பதை ஆண்டவரே அறிவார் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது துயரப்பட்டார். ஆண்டவர் முற்றத்தில் நடந்ததற்கு விளக்கம் கேட்கவில்லை; இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்கும் வாங்கவில்லை. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையே கொடுத்தார்.

பெந்தகோஸ்தே நாளில் பரிசுத்த ஆவியின் வல்லமையால் எழுந்து நின்று போதித்தார். ஏறக்குறைய 3,000 பேர் அன்று ஞானஸ்நானம் பெற்றார்கள். சில காலத்துக்குள் கைப்பாசும் மற்றத் தலைமைக் குருக்களும் அமர்ந்த சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது, கண்டதையும் கேட்டதையும் சொல்லாமலிருக்க முடியாதென்று மறுத்தார். அன்று அவர் முற்றத்தில் அஞ்சிய அதே பெரியவர்கள்தான்.

இத்துடன் கதை முடிந்தால் பிரசங்கத்துக்கு அழகாயிருக்கும். வேதாகமம் அங்கே முடிக்கவில்லை.

செசரியாவில் கொர்னேலியு என்னும் உரோமை நூற்றுவர் தலைவனின் வீட்டுக்குப் போய், யூதரல்லாத அவர்களோடு தங்கி, அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தவர் இராயப்பர். கடவுள் ஆளுக்கு ஆள் வேற்றுமை பாராட்டுவதில்லை என்று அங்கே கண்டுகொண்டவரும் அவரே. பிறகு அந்தியோக்கியாவுக்கு வந்தார். அங்கே யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யெருசலேமிலிருந்து யாகப்பரின் ஆட்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் முகத்துக்கு அஞ்சி மெல்லப் பந்தியை விட்டு விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவரும் விலகினார்கள். நல்லவரான பர்னபாவும் அதில் இழுபட்டார். பரிசுத்த ஆவியைப் பெற்ற பின்னரும், சிறையும் அடியும் பட்ட பின்னரும், பழைய பாவம் மறுபடி தலைதூக்கியது. சின்னப்பர் எல்லோர் முன்னிலையிலும் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார். இதைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அன்பரே, இந்தப் பந்தி நமக்குப் புதியதா? காலையில் ஒரே பீடத்தில் நன்மை வாங்குகிறோம். மாலையில் கலியாண வீட்டில் யார் பக்கத்தில் யார் இருப்பது என்று பார்க்கிறோம். எனக்கு அப்படியொன்றுமில்லை சாமி, ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் என்கிறோம். இராயப்பரும் அதைத்தான் சொல்லியிருப்பார். சாதியை மனதில் நம்புகிறவரைவிட, நம்பாமலே சொந்தக்காரர் முகத்துக்காக அதைக் காத்து வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

சின்னப்பர் கண்டித்தபோது இராயப்பர் என்ன மறுமொழி சொன்னார் என்று எழுதப்படவில்லை. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு பிரிந்து போகவில்லை என்பது தெரிகிறது. இராயப்பரின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் சின்னப்பரை அன்புக்குரிய சகோதரராகவே நினைவுகூருகிறது. இருவரும் நீரோ மன்னன் காலத்தில் உரோமையில் வேதசாட்சிகளாய் மரித்தார்கள். 64ஆம் ஆண்டு உரோமை நகர் தீப்பற்றி எரிந்த பின் கிறிஸ்தவர்கள்மேல் பழி விழுந்த காலம் அது. இராயப்பர் நகரை விட்டுத் தப்பிப் போகும் வழியில் ஆண்டவரைக் கண்டு திரும்பினார் என்று ஒரு பழங்கதை உண்டு. அது வரலாறோ அல்லவோ, அவரை அறிந்தவர்கள் கட்டிய கதை போலத்தான் இருக்கிறது. தம் ஆண்டவரைப் போல் சாகத் தமக்குத் தகுதியில்லை என்று தலைகீழாகச் சிலுவையில் அறையும்படி கேட்டார் என்பது மரபு. வத்திக்கான் குன்றில் அவர் கல்லறைமேல் எழுந்த ஆலயத்தின் அடியில் 1940இல் தொடங்கி அகழ்ந்தார்கள். 1950ஆம் ஆண்டு பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அவருடைய கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதாக உலகுக்கு அறிவித்தார்.

விழுந்தவர் ஒருவர், அவரைக் கண்டித்தவர் ஒருவர். இருவருக்கும் யூன் 29ஆந் திகதி ஒரே திருநாள். நம் பேராலயத்திலும் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன. நமக்கு இருவரும் வேண்டும். நம் பாவத்தின் பெயரை நாமாகக் காணாதபோது, அதை முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு சகோதரர் வேண்டும். சொன்னபின் அவரை விட்டு விலகாத மனமும் வேண்டும்.

ஆகையால் அன்பான வாசகரே, அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று வழக்கமான கணக்கைச் சொல்லுமுன் சற்று நின்று பாருங்கள். யாருடைய பார்வைக்கு அஞ்சினேன்? அந்நேரம் யாரைத் தெரியாதென்று சொன்னேன்? தாயையா, தோட்டத்தையா, சாட்சிக்கு அழைத்த தோழனையா, பந்தியில் பக்கத்தில் இருக்க வேண்டியவரையா? அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மன்னிப்புப் பெற்ற பின் அந்த மனிதரின் காம்பராவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். அவர் கொடுக்கும் தேநீரை வாங்கிக் குடியுங்கள். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள்.

நாளைக்கும் பிரட்டு மணி அடிக்குமுன் லயத்து வாசலில் சேவல் கூவும். அப்போது இராயப்பரை நினைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.